தென்கிழக்கே பார்க்கும் டிஷ்

காரைக்கால் பக்கத்துப் போலகத்தில் ஃப்ரீ டிஷ் மாட்டிய வீடு எதுவானாலும், மொட்டை மாடியில் அதன் தட்டு தென்கிழக்கே, கடல் பக்கம் திரும்பியிருக்கும். வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் ஏறத்தாழ 128 டிகிரி. அந்தத் திசையில், தரையிலிருந்து சுமார் 70 டிகிரி உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டரில் ஜிசாட்-15 நிற்கிறது. தூர்தர்ஷனின் இலவசச் சேவை அங்கிருந்துதான் இறங்குகிறது.

70 டிகிரி என்பது கிட்டத்தட்ட உச்சி வானம். பக்கத்து வீட்டுத் தென்னை மறைத்துவிட்டது என்ற பேச்சுக்கு இங்கே அவ்வளவாக இடமில்லை. பாரிசில் அப்படி இல்லை. அங்கே ஆஸ்ட்ரா செயற்கைக்கோளைப் பிடிக்க டிஷ் 32 டிகிரிதான் நிமிர முடியும். எதிரே ஆறு மாடிக் கட்டடம் நின்றால் சிக்னல் அதோடு சரி. காரைக்கால் பக்கம் பாரிஸ் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கே குடியேறிய உறவினர் பல வீடுகளுக்கு உண்டு. இலவச டிவியை வானத்திலிருந்து வாங்குவதா, தரையிலிருந்து வாங்குவதா என்ற கேள்வியை அந்த உறவினர்கள் நேரடியாகச் சந்தித்தவர்கள்.

மாதக் கட்டணம் இல்லாமல் டிவி பார்க்க உலகத்தில் இரண்டு வழிதான் பெரும்பாலும். ஒன்று செயற்கைக்கோள். இன்னொன்று ஊருக்கு அருகே நிற்கும் கோபுரம். அது அனுப்பும் டிஜிட்டல் அலையை மாடியில் ஓர் ஆன்டெனா வைத்தோ, வீட்டுக்குள் சின்னக் கம்பி ஒன்றை வைத்தோ பிடித்துக்கொள்ளலாம். பிரான்சில் கோபுர வழிக்கு டிஎன்டி என்று பெயர். 2005 மார்ச் 31 அன்று தொடங்கியது. பழைய அனலாக் ஒளிபரப்பு 2011 நவம்பரில் நின்றது. மலை மறைவில் இருக்கும் ஊர்களுக்குக் கோபுரத்து அலை எட்டாது என்பதால், அதே இலவசச் சேனல்கள் சந்தா இல்லாமல் செயற்கைக்கோளிலும் கிடைத்தாக வேண்டும் என்று 2007இல் சட்டம் போட்டார்கள். டிஎன்டிசாட் அந்த ஆண்டே வந்தது; 2009இல் ஃப்ரான்சாட் வந்தது. இரண்டு வழியும் திறந்திருக்க, எது வசதியோ அதை மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வழி இருப்பதன் அருமை 2022 செப்டம்பரில் தெரிந்தது. டிஎஃப்1 குழுமத்துக்கும் கனால் பிளஸ் நிறுவனத்துக்கும் பணத் தகராறு. கனால் பிளஸ் தன் தளங்களிலிருந்து டிஎஃப்1 சேனல்களை எடுத்துவிட்டது. டிஎன்டிசாட்டும் அந்த நிறுவனத்தின் கையில் இருந்ததால், இலவச டிஷ் வைத்திருந்த வீடுகளிலும் நாட்டின் முதன்மைச் சேனல் மறைந்தது. நவம்பரில்தான் திரும்பியது. அந்த இரண்டு மாதமும் கோபுரத்து ஆன்டெனா வைத்திருந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

போலகத்துக்காரருக்கு அந்த இரண்டாவது வழி இல்லை. ஒரு காலத்தில் இருந்தது.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது டெல்டா கடற்கரைக்கு அதன் அலை எட்டவில்லை. நேர்கோட்டில் அளந்தால் சென்னை இங்கிருந்து சுமார் 240 கிலோமீட்டர். பூமியின் வளைவு மறைத்துவிடும். ஆனால் தெற்கே, கடலுக்கு அப்பால், 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியது. அந்தத் தீவின் வடக்கே, வன்னியின் கொக்காவிலில் அதற்கு ஒரு கோபுரம் இருந்தது; போரில் 1990இல் அது அழிந்தது. அலைக்குக் கடல் தடையே இல்லை. வெப்பக் காற்று அடுக்கடுக்காக நிற்கும் மாலைகளில் அது இன்னும் தூரம் போகும். தமிழகக் கடற்கரை ஊர்களில் மூங்கிலிலும் இரும்புக் குழாயிலும் உயரமாக ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து, அதைத் தெற்கே திருப்பி ரூபவாஹினி பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. பாஷை புரியாத செய்தியையும் உட்கார்ந்து பார்த்தார்கள். தமிழ் நிகழ்ச்சி வரும் நேரத்துக்குத் தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடியது. பிறகு தூர்தர்ஷனின் கோபுரங்கள் பெருகின. ஆன்டெனா வேறு பக்கம் திரும்பியது.

நாடு முழுவதும் தூர்தர்ஷனுக்கு 1,400க்கும் மேற்பட்ட தரைவழி ட்ரான்ஸ்மிட்டர்கள் இருந்தன. எல்லாம் அனலாக். கேபிளும் டிடிஎச்சும் வந்த பின் அவற்றைப் பார்ப்பவர்கள் அருகிவிட்டார்கள் என்று, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி ஒவ்வொன்றாக மூடியது. எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் ஏறத்தாழ ஐம்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்துவதாக அறிவித்தது. அனலாக்கை மூடியதில் தவறு காண முடியாது. மின்சாரமும் அலைவரிசையும் வீணாகிக்கொண்டிருந்தன. தவறு, அந்த இடத்தில் டிஜிட்டல் கோபுரம் வராததுதான். 2016 பிப்ரவரி 25 அன்று தூர்தர்ஷன் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. தொடங்கியது 16 நகரங்களில். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் சேர்த்து அந்தப் பட்டியலில் இருந்த ஒரே பெயர் சென்னை. கேபிளும் இன்டர்நெட்டும் மூலைக்கு மூலை கிடைக்கிற பெருநகரத்துக்குக் கோபுரம்; அவை முதலில் அறுந்துபோகிற கடற்கரைக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே இங்கே இலவச டிவி என்றால் டிஷ்தான். அதன் கணக்கைப் பார்ப்போம். பெட்டி, தட்டு, எல்என்பி, ஒயர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,000 ரூபாய் ஒரு முறைச் செலவு. அதற்குப் பிறகு ஒரு பைசா கிடையாது. ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019இல் கொண்டுவந்த முறைப்படி கேபிளின் அடிப்படைக் கட்டணம் மட்டும் வரியோடு மாதம் 153 ரூபாய் 40 காசு வரை இருந்தது. ஆண்டுக்கு 1,840 ரூபாய் 80 காசு. கட்டணச் சேனல்களின் விலை தனி. அந்தக் கணக்கில் டிஷ்ஷுக்குப் போட்ட பணம் ஓராண்டு சொச்சத்தில் திரும்பிவிடும். தறியோ வயலோ தொழிற்பேட்டை வேலையோ, மாதச் சம்பளத்தில் நூற்றைம்பதை எண்ணிப் பார்க்கிற குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்.

வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. நாகூரில் தமிழ்நாடு அரசு கேபிள் உண்டு. 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. எல்லைக்கு இந்தப் பக்கம், திருமலைராயன்பட்டினம் கொம்யூனில், அது வராது. மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல் என்று கிடக்கும் காரைக்காலுக்கு இப்படிப் பல சலுகைகள் எல்லைக் கல்லோடு நின்றுவிடுகின்றன. ஜிசாட்-15க்கு மட்டும் அந்தக் கல் தெரியாது. 2015 நவம்பரில் அது புறப்பட்ட இடம் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளம். இன்றும் பிரான்சின் பகுதியாக இருக்கும் பிரெஞ்சு கயானாவில் உள்ளது. பழைய பிரெஞ்சு ஊருக்கு இலவச டிவி கொடுப்பது பிரெஞ்சு மண்ணிலிருந்து கிளம்பிய இந்தியச் செயற்கைக்கோள்.

டிஷ்ஷைத் திருப்புவது பார்க்க எளிதாகத் தோன்றும். ஒருவர் மாடியில் ஸ்பேனரோடு குந்தியிருப்பார். இன்னொருவர் கீழே டிவி முன்னால் நின்று எண்ணைக் கத்துவார். "குவாலிட்டி எவ்ளோ?" "முப்பது... அம்பது... ஐயோ, போயிடுச்சி!" தட்டு ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும், படம் ஓடிவிடும். திரையில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டை தெரியும். ஸ்ட்ரெங்த் எவ்வளவு ஏறினாலும் பொருட்படுத்த வேண்டாம்; பெட்டியும் எல்என்பியும் பேசிக்கொள்கின்றன என்பதற்கு மேல் அது அதிகம் சொல்லாது. குவாலிட்டி உச்சத்தில் நிற்கும்போது நட்டை முறுக்க வேண்டும். கடலோரத்தில் அந்த நட்டுத்தான் முதல் பகைவன். உப்புக் காற்றில் கிளாம்பும் போல்ட்டும் துருப்பிடித்து, ஒரு நாள் நல்ல காற்று அடித்தால் தட்டு சாய்ந்துவிடும். எல்என்பியில் ஒயர் சேரும் இடத்தில் டேப் சுற்றாமல் விட்டால் தண்ணீர் இறங்கி, செப்புக் கம்பி பச்சை பூத்துவிடும்.

டிஷ்ஷின் நிஜமான குறைகள் இதைவிடப் பெரியவை. முதல் குறை தமிழ். ஃப்ரீ டிஷ்ஷில் நூற்றுக்கணக்கான சேனல்கள் உண்டு என்பது சரி. அதில் பல கல்விச் சேனல்கள். தனியார் சேனல்களுக்கான இடத்தை பிரசார் பாரதி ஏலம் விடுகிறது. விளம்பர வருமானம் பார்த்து ஏலத்தில் வந்து குவிகிறவை இந்திச் சேனல்கள். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஓடும் முன்னணிக் கட்டணச் சேனல்கள் அங்கே இல்லை. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயர் மாறி வந்த டிடி தமிழ்தான் முதன்மையான துணை. போலகத்தில் ஒரு பாட்டி ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனால் இந்திப் படம், இந்தித் தொடர், போஜ்புரிப் பாட்டு என்று ஓடும். இலவசம் என்றாலும் அவருக்கு என்ன பயன்? நாடெங்கும் நாலரைக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் ஃப்ரீ டிஷ் இருப்பதாகத் தொழில்துறை மதிப்பீடு சொல்கிறது. தெற்கே அது வடக்கைப்போலப் பரவாததற்கு முதல் காரணம் இந்த மொழிப் பஞ்சம்தான்.

இரண்டாவது குறை மழை. டிஷ் பிடிக்கும் கேயூ பேண்ட் அலையை அடர்ந்த மழை உறிஞ்சிவிடும். காரைக்காலின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. புயல் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டிய நேரத்தில்தான் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். கோபுரத்திலிருந்து வரும் யுஎச்எஃப் அலைக்கு மழை ஒரு பொருட்டல்ல.

மூன்றாவது, எல்லாப் பாரமும் ஒரே செயற்கைக்கோள் மேல். ஜிசாட்-15க்கு முன் அதே இடத்தில் இருந்தது இன்சாட்-4பி. 2010 ஜூலையில் அதன் சூரியத் தகடுகளில் ஒன்றிலிருந்து மின்சாரம் வருவது தடைபட, ட்ரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான டிடிஎச் வீடுகளில் படம் போனது. ஜிசாட்-15க்குக் குறித்த ஆயுள் 12 ஆண்டு.

தூர்தர்ஷன் இந்த இலவச டிடிஎச்சைத் தொடங்கியது 2004 டிசம்பர் 16 அன்று. பத்தாவது நாள் ஆழிப்பேரலை. திருமலைராயன்பட்டினத்தின் பட்டினச்சேரி உட்பட இந்தக் கடற்கரையின் மீனவக் கிராமங்கள் அடிபட்டன. அன்றைக்கு எச்சரிக்க நாட்டில் மையமே இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல் வந்தது. காரைக்காலில் டாப்ளர் ரேடார் வந்தது. அறிவதற்கு இன்று கருவி இருக்கிறது. அறிந்ததை மழையிலும் காற்றிலும் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடைசிக் கண்ணிதான் மெலிந்து கிடக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் மின்கம்பம், கேபிள், செல்போன் கோபுரம் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்தன. டிவி ஓட மின்சாரமே இல்லை. அப்போது கைகொடுத்தது பேட்டரியில் ஓடும் ரேடியோ.

அதனால்தான் டி2எம் என்ற புதிய முயற்சி இந்தக் கடற்கரைக்கு முக்கியம். கோபுரத்து ஒளிபரப்பை சிம் கார்டும் டேட்டாவும் இல்லாமல் நேரே செல்போனில் பிடிக்கும் முறை அது. பிரசார் பாரதியும் கான்பூர் ஐஐடியும் சாங்க்யா லேப்ஸும் சேர்ந்து பெங்களூரு, டெல்லி, நொய்டாவில் சோதனை நடத்தின. 19 நகரங்களில் அடுத்த கட்டம் என்று 2024 ஜனவரியில் சொன்னார்கள். மறுபடியும் நகரங்கள். சோதனைக்கு நாகப்பட்டினமும் காரைக்காலும் கடலூரும்தான் பொருத்தமான இடம். வருஷா வருஷம் பரீட்சை வைக்கப் புயலே வருகிறது.

இன்றைய நிலையில் போலகத்தில் ஒரு குடும்பம் கேட்டால் சொல்ல வேண்டிய பதில்: ஃப்ரீ டிஷ் வாங்குங்கள், எம்பெக்-4 பெட்டியாக வாங்குங்கள், பழைய எம்பெக்-2 பெட்டியில் பல சேனல்கள் வராது. மாதக் கட்டணம் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அப்படி ஒரு கட்டணமே கிடையாது. தமிழ்த் தொடர் இல்லாமல் வீட்டில் முடியாது என்றால் கேபிளை உடனே வெட்ட வேண்டாம். பிரசார் பாரதி தன் அடுத்த ஏலத்தில் தமிழுக்கென்று சில இடங்களைக் குறைந்த விலையில் ஒதுக்க வேண்டும்; கிழக்குக் கடற்கரையில் டிஜிட்டல் கோபுரங்களை நட வேண்டும். காரைக்காலின் மக்கள் பிரதிநிதிகள் இதை டெல்லியில் கேட்க வேண்டும்.

ஐப்பசி பிறக்கும் முன் ஒரு முறை மாடி ஏறி டிஷ்ஷின் கிளாம்பையும் நட்டையும் பார்த்துவிடுங்கள். பேட்டரி போட்ட ரேடியோ ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். காரைக்கால் பண்பலை 100.3.