நாய்க்குப் போடும் மீன்

மீனும் நாயும் சேர்ந்து வருகிற வேதாகமக் கதை தோபித்து நூலில் இருக்கிறது. வாலிபன் தோபியா பயணம் புறப்படும்போது நாயும் கூடவே போகிறது. வழியில் திக்ரீசு ஆற்றில் பெரிய மீன் ஒன்று அகப்படுகிறது. வானதூதர் இரபேல் சொன்னபடி அதன் பித்தப்பை, இதயம், ஈரல் ஆகியவற்றைத் தோபியா பத்திரப்படுத்துகிறான். மீனில் கொஞ்சம் சுட்டுச் சாப்பிடுகிறான். நாய்க்கு என்ன கிடைத்தது என்று அங்கே எழுதப்படவில்லை. பாலாற்றங்கரையில் வாழும் நாம் அதைக் கேட்டே ஆகவேண்டும்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் வீடுகளில் மீன் குழம்பு. ஆய்ந்த செவுளும் குடலும், தட்டில் மிஞ்சிய முள்ளும் தெருநாய்க்கு. "நாய்தானே, எல்லாம் செரித்துவிடும்" என்கிறோம். செரிப்பதில்லை. முள் நாயின் தொண்டையிலும் குடலிலும் குத்தும். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருவாட்டின் உப்பும் ஆகாது. பச்சையாகப் போடலாம் என்பாரும் உண்டு. ஆனால் கெண்டை இன மீன்கள் சிலவற்றில் தயமினேஸ் என்ற பொருள் இருக்கிறது. அது பி1 வைட்டமினை அழிக்கும். 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பச்சைக் கெண்டை தின்ற பண்ணை நரிகள் வாதம் கண்டு மடிந்தன. நரியும் நாயின் குடும்பம்தானே! வேகவைத்தால் அந்தத் தீமை போய்விடும். ஆகவே உப்பு, காரமின்றி வேகவைத்து, விரலால் தடவி முள்ளெடுத்து, சோற்றில் பிசைந்து, அளவாகப் போடவேண்டும்.

ஆனால் வேகவைத்தாலும் போகாதது ஒன்று உண்டு. தோல் பதனிட உதவும் குரோமியம் கழிவுநீரோடு ஏரி, குளத்தில் கலந்தால், மீனின் சதையைவிடச் செவுளிலும் ஈரலிலும்தான் அதிகம் சேர்கிறது. நாம் நாய்க்கு எறிவதோ அவற்றைத்தான்! பாலாறு கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30இல் மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. எங்களில் பலருடைய தந்தையர் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் உழைக்கிறார்கள். அந்தத் தொழிலை மூடச் சொல்ல நாங்கள் வரவில்லை. கழிவு எங்கே போகிறது என்று கேட்கத்தான் வருகிறோம்.

ஜப்பானில் மினமாட்டா என்னும் கடலோர ஊரில், ஆலைக் கழிவின் பாதரசம் மீனில் ஏறியது. அந்த மீனைத் தின்ற பூனைகள் தள்ளாடி, துள்ளி விழுந்து செத்தன. மனிதருக்கு வந்த நோய் 1956இல்தான் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. 1959இல் ஆலை மருத்துவமனையின் டாக்டர் ஹொசொகாவா, கழிவு கலந்த உணவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதற்கும் அதே நோய்! ஆலை நிர்வாகம் அதை மூடி மறைத்தது. பாதரசமும் குரோமியமும் ஒன்றல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் கெட்ட நீரின் மீனை முதலில் தின்பது வாயில்லா ஜீவன் என்பது அங்கும் இங்கும் ஒன்றே.

எங்கள் அபிப்பிராயம் இதுதான்: "நாய் மீன்" என்று தனியாக ஒன்று இருக்கக் கூடாது. நாம் தின்னத் துணியாத மீனை நாய்க்கும் போடலாகாது. மீன்கார அம்மாவிடம் விலை கேட்குமுன், "இது கடல் மீனா, ஏரி மீனா? எந்த ஏரி?" என்று கேட்போம். டேனரிக் கால்வாய் விழும் ஏரி என்றால், "வேண்டாம் அம்மா" என்று சொல்லிவிட்டு வருவோம். அன்று நமக்கும் நாய்க்கும் பருப்புச் சோறு.