ஏற்றும்போதே எண்ண வேண்டும்!

பிவண்டி கிடங்கிலிருந்து காலையில் ஒரு டெம்போ புறப்படுகிறது. தானேயில் முதல் கடை. பிறகு முல்லுண்டு, காட்கோபர், குர்லா. கடைசியாக சயான். தானே கடைக்காரருக்கு 12 பெட்டிகள் வர வேண்டும். இருப்பது 11. மீதி ஒன்று எங்கே? கிடங்கிலேயே தங்கிவிட்டதா? பக்கத்தில் நின்ற வண்டியில் ஏறிவிட்டதா? சயான் சரக்குக்கு அடியில் கிடக்கிறதா?

நடுத்தெருவில் பாதி வண்டியை இறக்கிப் பார்க்கிறார்கள். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. போக்குவரத்துக் காவலர் விரட்டுகிறார். கடைசியில் கடைக்காரர் சலானில் 'ஒன்று குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.

மாதக் கடைசியில் அந்தப் பெட்டியின் விலை யார் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது? பல இடங்களில் மூட்டை சுமந்தவர் சம்பளத்தில்; இல்லாவிட்டால் பட்டியல் எழுதிய குமாஸ்தா சம்பளத்தில். ஊரில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கி வைத்த பணம் அத்துடன் போய்விடுகிறது.

தவறு செய்தவர் பொறுப்பு ஏற்க வேண்டாமா என்று முதலாளிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தவறு எங்கே பிறக்கிறது என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

பட்டியல் பெரும்பாலும் பில் வந்த வரிசையில் எழுதப்படுகிறது. வண்டி போகும் வரிசையில் அல்ல. ஏற்றுகிறவர் கைக்கு எட்டியதை முதலில் ஏற்றுகிறார். காலையில் முதலில் இறங்க வேண்டிய சரக்கு உள்ளே போய் அடைபடுகிறது. பழைய அட்டைப் பெட்டியில் புதுச் சரக்கை வைத்துக் கட்டுகிறார்கள். பழைய விலாசத்தைக் கிழிப்பதில்லை. ஒரே பெட்டியில் இரண்டு விலாசம் இருந்தால் எதை நம்புவது? இரண்டு வண்டிகள் அருகருகே நின்று ஒரே நேரத்தில் ஏற்றுகின்றன. எண்ணுகிறவர் ஒருவர்; அவர் கையில் தொலைபேசியும் ஓயாமல் ஒலிக்கிறது. இந்த அவசரக் கோலத்தில் பிழை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கோடு படிக்கும் கருவி வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று சிலர் சொல்கிறார்கள். கிடங்கின் உள்ளே மேஜையில் வைத்துக் கருவியைக் காட்டினால், பெட்டி மேஜைக்கு வந்தது என்பது மட்டுமே தெரியும். எந்த வண்டியில் ஏறியது என்பது தெரிய வேண்டுமானால் வண்டியின் வாசலில் வைத்துக் காட்ட வேண்டும்.

பரிகாரம் கடினமானதல்ல. கடைசியில் இறங்குவது முதலில் ஏற வேண்டும். சயான் சரக்கு உள்ளே, தானே சரக்கு கதவோரம். பாரமானது அடியில், இலேசானது மேலே. முதல் கடைக்கே பாரமான சரக்கு இருந்தால் அதைக் கதவோரத்தில் அடியில் வைக்கலாம். எண்ணெய் டின்னைத் துணி மூட்டையின் மேல் வைக்கக் கூடாது. வண்டி வருவதற்கு முன்பே ஒவ்வொரு கடைச் சரக்கையும் தரையில் தனித்தனியாக அடுக்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒவ்வொரு பெட்டியிலும் பில்டி எண்ணையும் மொத்த உருப்படியையும் பெரிதாக எழுத வேண்டும்; அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி அடுக்க வேண்டும்.

எழுத்துப் படிக்கத் தெரியாத தொழிலாளி என்ன செய்வார் என்ற கேள்விக்கு மும்பை நகரமே பதில் வைத்திருக்கிறது. 1890-இல் தொடங்கிய டப்பாவாலாக்களின் தொழில், டப்பாவின் மூடியில் உள்ள வண்ணங்களையும் சில எழுத்துகளையும் எண்களையும் நம்பி நடக்கிறது. எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டடம், எந்த மாடி என்பதை அந்தக் குறி சொல்லிவிடும். கடைக்கு ஒரு வண்ணம் என்று பெட்டியில் பூசினால், தமிழரோ பீகாரியோ மராத்தியரோ, யார் கையிலும் அது வழிதவறாது.

எல்லாவற்றுக்கும் மேலானது, வண்டி வாசலில் இரண்டு பேர் எண்ணுவது. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. குமாஸ்தா பட்டியலை உரக்கப் படிக்கட்டும். கதவை மூடுமுன் இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். பிறகு குமாஸ்தா, ஏற்றியவர், டிரைவர் மூவரும் கையெழுத்திட வேண்டும். இதற்குச் சிறிது நேரம் ஆகும் என்பது உண்மை. விட்டுப்போன பெட்டிக்காக மறுபடி தானே வரை வண்டி அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் அந்த நேரம் பெரிதல்ல.

அந்தக் கையெழுத்துத் தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. காணாமற்போன சரக்குக்காக ஒருவர் சம்பளத்தில் இஷ்டம்போல் கை வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. சரக்கு அவரிடம் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அவருடைய அலட்சியத்தாலேயே நேரடியாக நஷ்டம் வந்திருக்க வேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

ஆனால் எண்ணிய கணக்கு ஏதும் இல்லாத இடத்தில் யார் எதை நிரூபிப்பது? அங்கே குரல் உயர்ந்தவர் சொல்வதே கணக்கு. குரல் தாழ்ந்தவர் தலையில் நஷ்டம். தாள் இருந்தால், 12 பெட்டி வண்டியில் ஏறியது என்று சுமந்தவர் நிமிர்ந்து சொல்லலாம். ஏறவில்லை என்றால், கதவு மூடுமுன்பே அது தெரிந்துவிடும்.

எனவே, எண்ணாமல் கையெழுத்திடும் வழக்கத்தை முதலில் விட வேண்டியவர்கள் குமாஸ்தாக்கள். 'நேரமாகிறது, போட்டுத் தள்ளு' என்று அவசரப்படுத்துவதை விட வேண்டியவர்கள் முதலாளிகள். வாசலில் எண்ணிவிட்டால் சரக்கும் பத்திரம். ஊருக்குப் போக வேண்டிய பணமும் பத்திரம்.