பதினாலு நாளில் ஏழு ஊர்: இது சுற்றுலாவா, ஓட்டப்பந்தயமா?

இரண்டு வார லீவு, கொஞ்சம் சேமிப்பு, ஒரு தம்பதி, ஐரோப்பா. இந்த நான்கும் ஒன்றுசேர்ந்தால் போதும், எல்லா வீட்டிலும் ஒரே அட்டவணைதான் பிறக்கிறது. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், ப்ராக், வியன்னா, வெனிஸ், ரோம். ஊருக்கு இரண்டு இரவு, கடைசி ஊரில் ஒன்று. ஊருக்கு ஊர் ரயில். எக்செல் ஷீட்டில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். அந்த ஷீட்டை நம்பிக் கிளம்புகிறவர்கள் ஐரோப்பாவின் ரயில் நிலையங்களை நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

வாய்க்கணக்கு போதும். பதினாலு நாளில் விமானத்திலிருந்து இறங்கும் நாளையும் திரும்ப ஏறும் நாளையும் கழித்தால் மிச்சம் பன்னிரண்டு. ஏழு ஊர் என்றால் ஆறு ரயில் பயணம். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் மூணேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து பெர்லின் ஆறு மணி நேரம். பெர்லின் - ப்ராக் நான்குக்கு மேல், ப்ராக் - வியன்னா நான்கு, வியன்னா - வெனிஸ் ஏழு அளவில், வெனிஸ் - ரோம் நான்கு. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது மட்டும் ஏறக்குறைய 28 மணி நேரம்.

இதோடு முடிந்ததா? பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், ஸ்டேஷன் போய்க் காத்திருக்க வேண்டும். புது ஊரில் இறங்கி ஹோட்டலைக் கண்டுபிடித்தால், மதியத்துக்கு மேல்தான் அறை தருவோம் என்பார்கள். இதற்கெல்லாம் பயணத்துக்கு மூன்று மணி நேரம் வைத்தாலே பதினெட்டு. மொத்தம் 46. ஊர் சுற்ற ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், கிட்டத்தட்ட நான்கு நாள் அம்பேல். மிச்சம் எட்டு நாளில் ஏழு ஊர். ஜெட்லாக் தூக்கம் இன்னும் கணக்கில் வரவில்லை.

1969-இல் ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படம் வந்தது. பெயர் 'இஃப் இட்ஸ் ட்யூஸ்டே, திஸ் மஸ்ட் பி பெல்ஜியம்'. இன்று செவ்வாய் என்றால் இது பெல்ஜியமாகத்தான் இருக்க வேண்டும் என்று அர்த்தம். 18 நாளில் ஒன்பது நாடுகளைப் பார்க்கப் புறப்படும் அமெரிக்கர்களைப் பற்றிய கதை. அந்த வேகமே சிரிக்க வைக்கும் விஷயமாக இருந்தது. பதினாலு நாளில் ஏழு ஊர் என்பது அதே வேகம்தான். வித்தியாசம் என்னவென்றால், அவர்களுக்குப் பெட்டி படுக்கையைக் கவனிக்க ஒரு கைடும் பஸ்ஸும் இருந்தன. இந்தத் தம்பதிக்கு அதுவும் கிடையாது.

கேட்டால், "மறுபடி எப்போ போகப் போறோம்? போனதுக்கு எல்லாத்தையும் பார்த்துட வேண்டியதுதானே" என்பார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வருடக்கணக்கில் சேர்த்த பணம். ஷெங்கன் விசாவுக்கே 2024 ஜூன் முதல் ஆளுக்கு 90 யூரோ கட்டணம். அதற்கு மேல் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. ஆனால் இந்த நியாயம் எதிர்த் தரப்புக்குத்தான் சாட்சி சொல்கிறது. வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கிற பன்னிரண்டு நாளில் நான்கைப் பெட்டி இழுப்பதற்குக் கொடுப்பது எந்த ஊர்ச் சிக்கனம்?

அடுத்த மயக்கம் யூரெயில் பாஸ். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்காக 1959-இல் வந்தது. ஒரே பாஸ், எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற கனவை அது இன்றும் விற்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான ரயில்களுக்கு அந்தக் கனவு பொருந்தும். பிரான்ஸின் டிஜிவியிலும் இத்தாலியின் அதிவேக ரயில்களிலும் யூரோஸ்டாரிலும் பொருந்தாது. பாஸ் இருந்தாலும் தனிக் கட்டணம் கட்டி இருக்கையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்களுக்கு அளவு உண்டு. அவை தீர்ந்தால் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு முழு டிக்கெட் வாங்க வேண்டியதுதான். தேதியும் ஊரும் முன்பே முடிவானவர்களுக்கு, மாதங்களுக்கு முன்பே விற்பனைக்கு வரும் மலிவு டிக்கெட்டுகளே பல நேரம் லாபம். இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் பாஸ் வாங்குவது சோம்பேறித்தனம்.

ஆனால் அந்த மலிவு டிக்கெட்டுகள் பெரும்பாலும் குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். அட்டவணை இறுக்கமாக இருந்தால் அது கழுத்துக்கே வரும். ஜெர்மன் ரயில் என்றால் கடிகாரம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 2024-இல் டாய்ச்ச பான் நிறுவனத்தின் நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம். அதிலும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதம் தாமதமாகவே கணக்கிடப்படுவதில்லை!

ஐரோப்பிய ரயிலை இந்தியக் காதலர்கள் மனதில் ஏற்றி வைத்தது 1995-இல் வந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'. அந்தப் படத்தில் கதை சூடுபிடிப்பதே இருவரும் ரயிலைத் தவறவிட்ட பிறகுதான். ஏழு ஊர் அட்டவணையில் ரயிலைத் தவறவிட்டால் சண்டைதான் சூடுபிடிக்கும். அடுத்த ஊர் ஹோட்டல், அதற்கடுத்த டிக்கெட், மியூசியம் முன்பதிவு எல்லாம் வரிசையாகச் சரியும்.

உண்மையான நஷ்டம் இங்கேதான். இப்படிப்பட்ட பயணத்தில் இருவரில் ஒருவர் மேனேஜர் ஆகிவிடுகிறார். கையில் போன், வாயில் "சீக்கிரம்". மற்றவர் அவர் பின்னால் பெட்டி இழுக்கிறார். மேனேஜருக்கு ஊரைப் பார்க்க நேரமில்லை, பெட்டி இழுப்பவருக்கு நின்று பார்க்க அனுமதியில்லை. வேலை, வீடு, சொந்தபந்தம் எல்லாவற்றிலிருந்தும் விலகி இரண்டு வாரம் சேர்ந்திருக்கக் கிடைத்த வாய்ப்பை, ஆபீஸ் டெட்லைன் மாதிரி ஓட்டிவிட்டு வருகிறார்கள்.

சரி, அப்படியென்றால் என்னதான் செய்வது? மூன்று ஊர். ஒரே திசை. ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரிலிருந்து திரும்பும் விமான டிக்கெட். உதாரணத்துக்கு, லூசெர்னில் நான்கு இரவு, ஃப்ளோரன்ஸில் ஐந்து, ரோமில் நான்கு. சூரிச் விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம்; லூசெர்னுக்கு ஒரு மணி நேரம் சொச்சம். ஃப்ளோரன்ஸிலிருந்து ரோம் ஒன்றரை மணி நேரம். பெட்டியோடு பெரிய பயணம் ஒன்றே ஒன்று. மற்ற ஊர் ஆசையெல்லாம் கைவீசிக்கொண்டு போய் மாலையில் திரும்பினால் தீரும். லூசெர்னிலிருந்து பெர்ன் ஒரு மணி நேரம். ஃப்ளோரன்ஸிலிருந்து பீசாவும் ஒரு மணி நேரம்தான். மழை பெய்தாலோ ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ அன்றைய ஊரை விட்டுவிடலாம். எதுவும் சரியாது.

விசாவுக்கும் இது சுலபம். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது ஷெங்கன் விதி. இங்கே ஒன்பது இரவு இத்தாலி, சந்தேகமே இல்லை. ஏழு ஊர் அட்டவணையிலும் வெனிஸும் ரோமும் சேர்ந்து மூன்று இரவு ஆவதால் இத்தாலிதான் வரும். பாரிஸ் கனவோடு கிளம்புகிறவர்கள் தங்கள் முக்கிய நாடு இத்தாலி என்று எழுதிக் கொடுக்க வேண்டும்!

அந்த ஒரு பெரிய பயணத்தையும் அவசரமாக முடிக்கத் தேவையில்லை. லூசெர்னிலிருந்து தெற்கே போகும் வேக ரயில்கள் 2016-இல் திறந்த 57 கிலோமீட்டர் கோத்தார்ட் சுரங்கத்துக்குள் புகுந்து ஆல்ப்ஸைக் கடந்துவிடும். ஜன்னலில் கறுப்பு மட்டுமே தெரியும். 1882-இல் திறந்த பழைய பாதை இன்னும் மேலே இருக்கிறது, அதிலும் ரயில் ஓடுகிறது. மலைக்குள் சுற்றிச் சுற்றி ஏறும் அந்தப் பாதையில் வாசென் என்ற கிராமத்தின் சர்ச் மூன்று முறை கண்ணில் படும், ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில். பெலின்சோனா, மிலான் வழியாக ஃப்ளோரன்ஸ் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகும். மூன்று ஊர் போதும் என்றவர்களிடம் அந்தப் பகல் இருக்கும்.

திரும்பி வந்ததும் சொந்தக்காரர்கள் எத்தனை நாடு பார்த்தாய் என்றுதான் கேட்பார்கள். இரண்டு என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் மற்ற ஊர்களும் அட்டவணையில் இருக்கின்றன என்றால், இப்போதே அடித்துவிடுவது நல்லது.