வியாதியல்லாத வியாதி

வைத்திய உலகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. சில வியாதிகளுக்கு மருந்து கண்டுபிடிக்கிறார்கள். சில மருந்துகளுக்கு வியாதி கண்டுபிடிக்கிறார்கள். 'செல்லுலைட்' என்பது இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தது. தொடையிலும் பிருஷ்ட பாகத்திலும் சர்மம் சமனாக இல்லாமல், ஆரஞ்சுப் பழத் தோலைப்போல் மேடும் பள்ளமுமாகத் தோன்றுகிறதல்லவா? அதற்குத்தான் இந்தப் பெயர். பருவமடைந்த ஸ்திரீகளில் நூற்றுக்கு 80 முதல் 90 பேருக்கு இது காணப்படுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இருப்பதை வியாதி என்று சொன்னால், அது இல்லாத பத்துப் பேரையல்லவா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்!

பெயர் பிறந்தது பிரான்ஸ் தேசத்தில். 1873-ம் வருஷத்து வைத்திய அகராதி ஒன்றில் அது தலைகாட்டியபோது அதன் அர்த்தமே வேறு. சர்மத்துக்கு அடியிலுள்ள திசுக்களில் உண்டாகும் அழற்சியை அது குறித்தது. 1920-க்குப் பிறகு பிரெஞ்சு வைத்தியர்கள் சிலர் தொடைக் குழிகளுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். 1930-களில் பாரிஸ் நகரத்து அழகுப் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. பத்திரிகைகள் பிடித்துக்கொண்ட பிறகு கேட்பானேன்? அந்தக் காலத்தில் அமெரிக்க மாதர்கள் தங்களுக்கு இப்படி ஒரு குறை இருப்பதையே அறியாமல் நிம்மதியாக இருந்தார்கள். 1968-ல் 'வோக்' பத்திரிகை அவர்களுக்கு அதைத் தெரியப்படுத்தியது. 1973-ல், நியூயார்க்கில் அழகு நிலையம் நடத்தி வந்த நிக்கோல் ரோன்சார்ட் என்ற அம்மையார் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார்.

உள்ளே நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள மெத்தை தைப்பவரின் வேலையைக் கவனித்தால் போதும். இலவம் பஞ்சு மெத்தையில் ஆங்காங்கே நீண்ட ஊசியை விட்டு நூலை இழுத்துக் கட்டுகிறார். கட்டிய இடம் பள்ளமாகிறது. இடையிலுள்ள பஞ்சு மேலே பிதுங்குகிறது. நம் சர்மத்துக்கு அடியிலும் கொழுப்பு சிறு சிறு அறைகளாகவே இருக்கிறது. அந்த அறைகளைப் பிரிக்கும் நார்கள் சர்மத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கின்றன. ஸ்திரீகளின் தேகத்தில் இந்த நார்கள் பெரும்பாலும் நெட்டுக்குத்தாகச் செல்வதால் கொழுப்பு மேல்நோக்கிப் பிதுங்குகிறது. புருஷர்களுக்கோ நார்கள் வலையைப்போல் குறுக்கும் நெடுக்குமாக அமைந்திருக்கின்றன. சர்மமும் சற்றுத் தடிப்பு. 1978-ல் நூர்ன்பெர்கர், முல்லர் என்ற இரண்டு ஜெர்மானிய வைத்தியர்கள் இந்த வித்தியாசத்தை ஆராய்ந்து எழுதினார்கள். தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே இதைக் 'கற்பித்த வியாதி' என்று அவர்கள் குறித்துவிட்டார்கள். ஆகையால், ஒல்லியான பெண்ணுக்கும் இது இருக்கலாம். பட்டினி கிடப்பதால் நார்களின் திசை மாறாது. அவசரமாக உடம்பை இளைக்க வைத்தால் சர்மம் தொய்ந்து, குழிகள் முன்னைவிட நன்றாகத் தெரிவதும் உண்டு.

காலேஜில் வாசிக்கும் பெண்கள் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, காப்பிப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தொடையில் தேய்த்துக்கொள்வதாகக் கேள்விப்படும்போது மனம் சங்கடப்படுகிறது. தேய்ப்பதனால் பலன் இல்லாமல் இல்லை. அழுத்தித் தேய்த்த இடத்தில் ரத்த ஓட்டம் அதிகமாகிச் சர்மம் சிறிது உப்புகிறது. சில மணி நேரம் குழிகள் நிரம்பினாற்போல் தோன்றும். பிறகு பழைய நிலைமைதான். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பதும், ஆப்பிள் காடி குடிப்பதும் நார்களை ஒன்றும் செய்வதில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது சுகம்; அந்தச் சுகத்துக்காகவே குளிக்கலாம். இரவுச் சாப்பாட்டை நிறுத்துவதற்கு மட்டும் ஒரு நியாயமும் இல்லை.

'இயற்கை மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடும்?' என்று கேட்பவர்கள் 'செல்லஸீன்' மாத்திரையின் கதையைக் கேட்க வேண்டும். அது இத்தாலியில் உற்பத்தியானது. 1999-ல் ரெக்ஸால் ஸன்டவுன் என்ற கம்பெனி அதை அமெரிக்காவில் தடபுடலாக விற்கத் தொடங்கியது. கடற்பாசி, திராட்சை விதை, கிங்கோ இலை, 'ஸ்வீட் க்ளோவர்' என்ற புல் இவையெல்லாம் அதில் அடக்கம். உள்ளிருந்தே குழிகளைக் கரைத்துவிடும் என்று விளம்பரம். அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2000-ல், இந்த விளம்பரத்துக்குத் தக்க ஆதாரம் இல்லை என்று வழக்குத் தொடுத்தது. 2003-ல் கம்பெனி 1 கோடியே 20 லட்சம் டாலர் வரையில் கொடுக்கச் சம்மதித்தது. பணம் போனால் போகிறது. அந்த மூலிகைகளின் குணத்தைப் பாருங்கள். கடற்பாசியில் அயோடின் அதிகம். தைராய்டுக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. பூசணம் பிடித்த ஸ்வீட் க்ளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் 1920-களில் வட அமெரிக்காவில் ரத்தம் உறையாமல் மாண்டன. அதன் காரணத்தைத் தேடிப் போனதில்தான் 'வார்ஃபரின்' என்ற எலி பாஷாணமும், பின்னர் அதுவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தும் கிடைத்தன. இயற்கை அவ்வளவு சாது அல்ல.

காப்பியின் சத்தை ஊற வைத்த உள்ளாடையைக்கூட விற்றார்கள் என்றால் நம்புவீர்களா? உடுத்தியிருந்தாலே உடம்பு இளைத்துக் குழிகள் மறையுமாம். 2014-ல் அதே கமிஷன் வாகோல் கம்பெனியிடமிருந்து 13 லட்சம் டாலரும், இன்னொரு கம்பெனியிடமிருந்து 2 லட்சத்து 30 ஆயிரம் டாலரும் வாங்கியது. காப்பியைக் குடிப்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்!

வைத்தியர்களிடம் வழியே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. ரெட்டினால் கலந்த களிம்பை ஆறு மாதம் விடாமல் தடவினால் சர்மம் சற்றுத் தடித்துக் குழிகள் மங்கலாம். கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது. இழுத்துப் பிடிக்கும் நாரையே நுண்ணிய கத்தியால் அறுத்துவிடும் சிகிச்சையின் பலன் சில வருஷங்கள் நிற்கிறது. செலவோ அதிகம், வலியும் கன்றிப்போவதும் உண்டு. நாரைக் கரைக்கும் ஊசி மருந்து ஒன்றை அமெரிக்க சர்க்கார் 2020-ல் அங்கீகரித்தது. ஊசி போட்ட இடம் கன்றி, நிறம் மாறி நெடுநாள் நின்றதால், 2022 முடிவில் உற்பத்தியாளர்களே அதை நிறுத்திவிட்டார்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'செல்லுலைட்' வேறு, 'செல்லுலைட்டிஸ்' வேறு. பின்னது கிருமிகளால் வரும் உண்மையான, அபாயகரமான வியாதி. சர்மம் சிவந்து, சுட்டு, வலித்து, வீக்கம் பரவி, ஜுரமும் காணும். நீரிழிவுள்ளவர்களுக்கு அது வெகு வேகமாக முற்றக்கூடும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். மெல்ல மெல்ல வீங்கினால், நம் பிரதேசத்தில் யானைக்காலையும் நினைக்க வேண்டும். இரண்டு கால்களும் ஒரே மாதிரி பருத்து, தொட்டால் வலித்து, பாதம் மட்டும் மெலிந்தே இருந்தால் அது கொழுப்புத் திசுவின் வேறொரு கோளாறு. அதையும் வைத்தியரே பார்த்துச் சொல்ல வேண்டும். சிவப்பும் சூடும் ஜுரமும் சேர்ந்து கண்டாலோ, ஒரு கால் திடீரென்று வீங்கினாலோ, காப்பிப் பொடியை அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டு அன்றைய தினமே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.