நீர்வீழ்ச்சிக்குப் போகாதே என்று சொல்லாதீர்கள், எப்படிப் போவதென்று சொல்லிக் கொடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பெருநாளைக்கு வேன் பிடித்து மலைநாட்டுக்குப் போகும் தம்பிமாரும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும் பெற்றோரும் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய அன்று என் வகுப்பு மாணவன் ஒருவன் வரவில்லை. கால் முறிந்து வீட்டில் கிடக்கிறான் என்றார்கள். பின்னேரம் பார்க்கப் போனேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. அவனுடைய உம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கதவோரம் நின்றார். அவன்தான் மெதுவாகச் சொன்னான்: "சேர், நீங்க போட்ட போட்டோவப் பாத்துத்தான் போன. அந்தக் கல்லுலதான் வழுக்கின."

எனக்கு அந்தத் தேத்தண்ணி தொண்டையில் இறங்கவில்லை.

அந்தப் படம் பலருக்கு ஞாபகம் இருக்கும். மூன்று வருடங்களுக்கு முன் பதுளை மாவட்டத்தில் பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு நீர்வீழ்ச்சியின் உச்சியில் நின்று எடுத்தது. இதுவரைக்கும் நான் போட்ட படங்களில் அதற்குத்தான் அதிக லைக். போகும் வழியையும் கீழே எழுதியிருந்தேன்.

அந்தப் படத்தில் தெரியாத விஷயங்கள் இருந்தன. நான் போனது வரட்சியான மாதத்தில். கல் காய்ந்து கிடந்தது. பக்கத்துத் தோட்டத்து லயனில் இருந்த பெரியவர் ஒருவர் வழிகாட்டி வந்தார். விளிம்புக்குக் கிட்டப் போகும்போது என்னை வயிற்றில் படுக்க வைத்து, என் காலை அவர் பிடித்துக்கொண்டார். இதில் ஒரு வரியைக்கூட நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் படத்தின் கெத்து குறைந்துவிடும் என்று மனதுக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும். மாணவர்கள் போன அன்று தூறல். கல்லெல்லாம் பாசி. வழிகாட்டவும் யாரும் இல்லை.

அவனை வீதிக்குக் கொண்டுவந்தது தோட்டத்து ஆட்கள்தான். கம்பில் போர்வை கட்டி, அட்டைக்கடிக்கு நடுவே ஒன்றரை மணித்தியாலம் தூக்கி வந்திருக்கிறார்கள். அங்கே போனில் சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் 1990 அம்பியூலன்ஸை எப்படிக் கூப்பிடுவது? அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை உயிரோடு வந்துவிட்டான். இதே மாதிரிப் போய் ஜனாஸாவாகத் திரும்பி வந்தவர்களையும் இந்த ஊர் அடக்கியிருக்கிறது.

இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வொய்ஸ் சுற்றுகிறது. இளைஞர்களின் மலைநாட்டு ட்ரிப்பை ஊர் மட்டத்தில் தடை செய்ய வேண்டுமாம். சொன்னவரின் நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தடை வேலை செய்யாது. தடுத்தால் சொல்லாமல் போவார்கள். "கூட்டாளிட வீட்டுக் கலியாணம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இந்தப் பையனும் அப்படித்தான் போனான். எந்த மாவட்டத்தில் நிற்கிறான் என்றே வீட்டுக்குத் தெரியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. போய்ப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு உண்மையான லாபம் இருக்கிறது. நான் புவியியல் படிப்பிக்கிறவன். கடலும் வயலும் மட்டும் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு மலையையும் மழையையும் கரும்பலகையில் கீறிக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மே மாதம் தொடங்கி எங்களை வாட்டும் கச்சான் காற்று எங்கிருந்து வருகிறது? தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக எங்கள் பக்கம் இறங்குகிறது. நாங்கள் இங்கே வியர்வையில் குளிக்கிற அதே நாட்களில்தான் அங்கே லக்ஷபானவும் அபர்டீனும் நிரம்பிக் கொட்டுகின்றன. எங்களுக்கு மாரி பெய்யும்போது துன்ஹிந்த பெருகுகிறது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் தரும் கல்லோயாவும் ஊவா மலைகளில் தொடங்குவதுதான். இதையெல்லாம் ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு நான் இரண்டாம் முறை படிப்பிக்கத் தேவையில்லை.

தூரமும் அதிகமில்லை. எங்கள் ஊரைக் கடந்து போகும் ஏ4 வீதி பொத்துவில், மொனராகலை, வெல்லவாய தாண்டி மலையேறுகிறது. கொஸ்லாந்தைக்குச் சற்று முன்னால் வீதியோரத்திலேயே தியலும தெரியும். 220 மீற்றர் உயரம். இன்னும் மேலே போய் களுபஹனவில் திரும்பினால் பம்பரகந்த. 263 மீற்றர், இலங்கையிலேயே உயரமானது.

ஆகவே பிள்ளைகள் போகட்டும். ஆனால் எங்கே நிற்பது, எதைப் படம் எடுப்பது என்பதை நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தம்பிமாரே, ஒரு சின்ன விஷயத்தை யோசித்துப் பாருங்கள். நீர்வீழ்ச்சியின் உச்சியில் நின்று எடுக்கும் படத்தில் நீர்வீழ்ச்சி இருக்காது. தியலுமவின் மேலே ஏறி நின்றால் சில தடாகங்களும் வெளியும் தெரியும். அந்த 220 மீற்றரில் ஒரு மீற்றர்கூடத் தெரியாது. படத்தில் இருப்பது நாம் மட்டும்தான். நான் எடுத்து லைக் வாங்கிய படமும் அப்படித்தான், அதில் இருந்தது என்னுடைய சப்பாத்தும் பள்ளமும். நீர்வீழ்ச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே, தள்ளி நிற்க வேண்டும்.

நல்ல படத்துக்கும் அதுதான் இடம். காலையிலோ முகில் மூடிய நேரத்திலோ எடுங்கள். உச்சி வெயிலில் தண்ணீர் வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் விழும். தண்ணீர் பட்டுத் துணி மாதிரி வர வேண்டுமென்றால் கமராவை முக்காலியில் வைத்து, ஷட்டரை கால் செக்கனிலிருந்து ஒரு செக்கன் வரைக்கும் திறந்து வையுங்கள். சாரல் லென்ஸில் படியும், துடைக்கத் துணி கொண்டு போங்கள். இதில் எதற்குமே விளிம்பில் போய் நிற்கத் தேவையில்லை.

அடுத்தது குளிப்பது. "நாங்க கடல்ல நீந்துறவங்க" என்பது எங்கள் ஊர்ப் பெருமை. கடல்நீர் உப்பு நீர், உடம்பை மிதக்க வைக்கும். ஆற்று நீர் அந்த அளவுக்குத் தூக்காது. நீர் விழும் இடத்தில் காற்றும் நுரையும் கலந்திருப்பதால் இன்னும் குறைவாகத்தான் தூக்கும். கடலில் ஒரு மைல் நீந்துகிறவன் அங்கே பத்து அடியில் தடுமாறலாம்.

மழை நீங்கள் நிற்கும் இடத்தில்தான் பெய்ய வேண்டும் என்றில்லை. மேலே மலையில் பெய்தால் போதும், உங்கள் தலைக்கு மேல் வெயில் இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை சகஜம். எனக்கு வழிகாட்டிய பெரியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, தண்ணி கலங்கி வந்தாலும் சரி, எலை தழை மெதந்து வந்தாலும் சரி, சாமானப் பாக்காதீங்க. மேட்டுக்கு ஏறிடுங்க." லக்ஷபான, அபர்டீன் போன்ற இடங்களில் இன்னொரு கவனமும் வேண்டும். அந்த ஆறுகளில் மேலே மின்சாரத்துக்கான அணைகள் இருக்கின்றன. வான்கதவு திறந்தால் கீழே நீர் சடுதியாக உயரும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியம், அங்கே வாழும் மக்கள். எங்களுக்கு அது ஒரு நாள் ட்ரிப். அவர்களுக்கு அதுதான் ஊர். பல தோட்டங்களில் லயன்களுக்குக் குடிதண்ணீர் குழாய் வழியாக அந்த ஓடையிலிருந்துதான் வருகிறது. அதற்கு மேலே நின்று ஷம்பு போட்டுக் குளித்து, பிரியாணிப் பார்சலை அங்கேயே எறிந்துவிட்டு வருவது சரியா? எங்கள் கிணற்றில் யாராவது அப்படிச் செய்தால் விடுவோமா? தியலும இருக்கும் அதே கொஸ்லாந்தைப் பக்கம்தான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலை அங்கே மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த மண்ணோடு வாழும் ஒருவர் "மேல போகாதீங்க" என்றால் அவர் எங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க வரவில்லை. அவருக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது. அந்த இடத்தோடு பயணம் முடிந்தது என்று திரும்பிவிட வேண்டும்.

பெற்றோருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்.

1. போகாதே என்பதற்குப் பதிலாக "எங்கே போகிறாய், யாருடன், எத்தனை மணிக்குத் திரும்புவாய்" என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால் ஏசமாட்டார்கள் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

2. ஒவ்வொரு வேனிலும் பொறுப்பான ஒரு பெரியவர் இருக்கட்டும். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே புறப்படட்டும்.

3. பாடசாலையும் பள்ளிவாசலும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு பயணத்தை ஒழுங்கு செய்யலாம். துன்ஹிந்த போல பார்வை மேடை உள்ள இடமாகப் பார்ப்போம். பெண்பிள்ளைகளும் குடும்பத்தோடு வரட்டும். என் வகுப்பில் முன்வரிசையில் இருப்பவர்கள் அவர்கள்தான், ஆனால் நீர்வீழ்ச்சியைப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

4. படம் போடுகிறவர்களே, பெயர்ப்பலகையும் வேலியும் இல்லாத இடங்களின் லொகேஷனைப் போடாதீர்கள். படத்தைப் போடும்போது எந்த மாதம் போனீர்கள், யார் வழிகாட்டினார், எங்கே ஆபத்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நாலாவது எனக்கு நானே சொல்லிக்கொள்வது. அந்தப் படத்தை அன்றிரவே நீக்கிவிட்டேன். ஆனால் பலருடைய போனில் அது இன்னும் இருக்கும், அதை என்னால் அழிக்க முடியாது. அதனால்தான் இதை எழுதினேன். உங்களிடம் அந்தப் படம் இருந்தால், அந்தக் கல்லில் ஒரு பிள்ளையின் கால் முறிந்தது என்பதையும் சேர்த்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

வரும்போது அவனுடைய உம்மாவிடம் மாப்புக் கேட்டேன். அவர் சொன்னது, "சேர், அவன் எழும்பி நடந்தா நீங்களே ஒரு நாளைக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்க. சொல்லாமப் போறத விட அது நல்லம்."

ஊரே தடை போட வேண்டும் என்று பேசுகிற நேரத்தில், மகனின் காலை முறித்துக்கொண்ட தாய் சொன்ன வார்த்தை இது. இன்ஷா அல்லாஹ், கூட்டிப் போவேன். கீழே நின்றுதான் காட்டுவேன்.

அந்தப் பிள்ளையின் சுகத்துக்காக துஆ செய்யுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் கொமென்டில் எழுதுங்கள், வாசிப்பேன்.