நீலக் கார்டு கேட்கும் பங்கு

ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். கணவர் பல வருடமாகச் சிங்கப்பூரில் எஸ் பாஸில் வேலை செய்கிறார். இப்போது நிரந்தரவாசம் கேட்டு மனுப் போடப் போகிறார். அதில் பதினொரு வயது மகனையும் சேர்க்க வேண்டும் என்கிறார்.

பையன் வளர்ந்ததும் பட்டாளத்தில் இரண்டு வருடம் இருக்க வேண்டுமாம். இருந்துவிட்டு வந்தால் குடியுரிமை தானாக வருமாம், ஆஸ்பத்திரிச் செலவையும் அரசாங்கமே ஏற்குமாம். கணவர் இப்படிச் சொல்ல, தாய்க்கு மனம் கேட்கவில்லை. “கையெழுத்துப் போடலாமா?” என்று நம்மைக் கேட்கிறார்.

சகோதரி, கார்டின் அருமை தோட்டத்து மக்களுக்குத் தெரியாததல்ல. 1969-க்குப் பிறகு, வேலை பெர்மிட் சட்டம் இறுகியபோது, சிவப்பு ஐ.சி. வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறின. பாதி வாழ்நாள் இங்கே பால் வெட்டியவர்கள், ஒரு காகிதம் இல்லாததால் போனார்கள். ஆகவே உங்கள் கணவர் கார்டுக்கு ஆசைப்படுவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கார்டும் சும்மா வருவதில்லை. அது நம்மிடம் என்ன பங்கு கேட்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் நிறத்தைச் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் குழம்புகிறார்கள். மலேசியாவில் நீல ஐ.சி. குடிமக்களுக்கு, சிவப்பு நிரந்தரவாசிக்கு. சிங்கப்பூரில் நீலம் நிரந்தரவாசிக்கு, இளஞ்சிவப்புதான் குடிமக்களுக்கு. உங்கள் கணவர் கேட்பது அந்த ஊர் நீலம். கிடைத்தாலும் அவர் மலேசியக் குடிமகன்தான்.

இனி பட்டாளம். சிங்கப்பூர் 1965-இல் தனி நாடானது. 1967-இல், டாக்டர் கோ கெங் சுவீ தற்காப்பு அமைச்சராக இருந்தபோது, கட்டாய தேசிய சேவைச் சட்டம் வந்தது. அவ்வருடம் ஆகஸ்டில் முதல் அணியாகச் சுமார் 900 இளைஞர்கள் முழுநேரச் சேவைக்குப் போனார்கள். இன்றைக்கும் அங்கே ஆண்பிள்ளைகள் பதினாறரை வயதில் பதிந்துகொண்டு, பதினெட்டு வயதுக்கு மேல் இரண்டு வருடம் சேவை செய்கிறார்கள். அது ராணுவமாகவும் இருக்கலாம், போலீசாகவும் தீயணைப்புப் படையாகவும் இருக்கலாம். அதோடு முடிவதில்லை. பிறகும் நாற்பது வயது வரை, அதிகாரிகளானால் ஐம்பது வரை, ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் கூப்பிடலாம்.

தொழில் தகுதியில் நிரந்தரவாசம் பெறும் தகப்பனுக்கு இந்தக் கடமை இல்லை. அவர் மனுவில் சேர்ந்து கார்டு வாங்கும் மகனுக்கு உண்டு. மகளுக்கு இல்லை. பையனுக்குப் பதிமூன்று வயதானதும், மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதற்கு அனுமதி வாங்க வேண்டும். தோட்டத்துப் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்க வைப்பதும் வெளிநாடுதான் என்பதை மறந்துவிடாதீர்கள். அழைப்பு வந்தும் போகாதவர்களுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். கார்டு மட்டும் வாங்கிக்கொண்டு, சேவைக்கு முன் அதைத் திருப்பிக் கொடுத்தால், பின்னாளில் அவன் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ போடும் மனுவை அது பாதிக்கும்.

சரி, போய்வந்தால் குடியுரிமை தானாக வருமா? வராது. சேவை முடித்த பையன் மனுப் போட வேண்டும். சேவை செய்தது அவனுக்கு நல்ல சாட்சியாக நிற்கும், ஆனால் முடிவு அரசாங்கத்தின் கையில். பிரான்சின் அந்நியப் படையில் மூன்று வருடம் இருந்தவர் அந்நாட்டுக் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். அமெரிக்காவிலும் பட்டாளத்தில் சேர்ந்த வெளிநாட்டவருக்கு வழி சுருங்குகிறது. சிங்கப்பூரிலேயே 1949 முதல் நேப்பாளத்துக் கூர்க்கர்கள் போலீஸ் படைப்பிரிவில் காவல் நிற்கிறார்கள். சேவை முடிந்ததும் அவர்கள் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார்கள். சீருடை ஒன்று, குடியுரிமை வேறு. மேலும், இரு நாட்டுக் குடியுரிமையைச் சிங்கப்பூரும் ஒப்புவதில்லை, மலேசியாவும் ஒப்புவதில்லை. இளஞ்சிவப்பு வேண்டுமானால் நம் நீலத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்து ஆஸ்பத்திரி. மகன் சேவையில் இருக்கும்போது அவனுக்கு வரும் நோயைப் படை பார்த்துக்கொள்ளும். அம்மாவின் பில்லுக்கு அது உதவாது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2015 நவம்பர் முதல் ‘மெடிஷீல்டு லைஃப்’ என்ற காப்புறுதி கட்டாயமாக உண்டு. ஆனால் காப்புறுதி என்றால் இலவசம் என்று அர்த்தமில்லை. வருடத்தில் முதலில் ஒரு தொகையை நோயாளி கட்ட வேண்டும். மீதியிலும் 3 முதல் 10 சதவிகிதம் அவர் பங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காப்புறுதி ஏற்கும் பில் 6,000 வெள்ளி, முதலில் கட்டுவது 2,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 4,000. அதில் பத்து சதவிகிதம் 400. ஆக, 2,400 வெள்ளி நம் பங்கு. வயதுக்கும் வார்டுக்கும் தக்கபடி இது மாறும். 1984-இல் தொடங்கிய ‘மெடிசேவ்’ சேமிப்பிலிருந்து இதைக் கட்டலாம். ஆனால் அதுவும் அவர் சம்பளத்தில் பிடித்த பணம்தான். அரசாங்க ஆஸ்பத்திரி மானியமும் நிரந்தரவாசிக்குக் குடிமக்களைவிடக் குறைவு.

தனியார் காப்புறுதியில் கூடுதல் பிரீமியம் கட்டி, முழு பில்லையும் அவர்கள் தலையில் போட ஒரு காலத்தில் வழி இருந்தது. கைக்காசு போகாதபோது வேண்டாத சிகிச்சை பெருகுகிறது, அதனால் எல்லோருடைய பிரீமியமும் ஏறுகிறது என்று அரசாங்கம் கண்டது. 2019 ஏப்ரலிலிருந்து புதிதாக விற்ற கூடுதல் திட்டங்களில் குறைந்தது 5 சதவிகிதம் நோயாளியே கட்டும்படி வைத்தார்கள்.

நீங்கள் மலேசியக் குடிமகளாகத் தோட்டத்திலேயே இருந்தால் அந்தக் காப்புறுதி உங்களுக்கு இல்லை. ஆனால் இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு ரிங்கிட்டுக்கு டாக்டரைப் பார்க்கிறீர்களே, குடியுரிமையை விட்டவருக்கு அந்தச் சலுகை இராது. அதையும் தராசில் வையுங்கள்.

இதைப் படிக்கும் பலருடைய பிள்ளைகளுக்கு எஸ் பாஸும் இல்லை, வெறும் வேலை பெர்மிட்தான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், சிராங்கூன் சாலையில் கூடுகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை பெர்மிட்காரர் நிரந்தரவாசத்துக்கு மனுப் போட முடியாது. ஆஸ்பத்திரிக் காப்புறுதியை முதலாளி எடுக்க வேண்டும். 2008-இல் ஆண்டுக்கு 5,000 வெள்ளி என்று தொடங்கியது, 2023 ஜூலையில் 60,000 ஆனது. 15,000-க்கு மேல் போகும் செலவில் கால் பங்கு முதலாளியுடையது. வேலையில் அடிபட்டால் அதற்குத் தனிச் சட்டம் உண்டு, அந்தச் சிகிச்சைச் செலவும் முதலாளியைச் சேர்ந்தது. ‘உன் பில், நீயே கட்டு’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட வேண்டாம், மனிதவள அமைச்சில் கேளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், சகோதரி. கணவர் தமக்கு மட்டும் மனுப் போடலாம். அப்போது பையனுக்குச் சேவைக் கடமை இல்லை. ஆனால் அங்கே அவன் அந்நியன்தான், பள்ளிக் கட்டணமும் மிக அதிகம். அவனையும் சேர்த்தால் படிப்பு உண்டு, நாளைக்கு வேலை உண்டு, இரண்டு வருடச் சேவையும் உண்டு. அந்தச் சேவையைத் தண்டனையாக நினைக்க வேண்டாம். அந்த ஊரில் அமைச்சர் மகனும் போகிறான், பஸ் ஓட்டுபவர் மகனும் போகிறான்.

நான் சொல்வது ஒன்றுதான். குடியுரிமைக்கும் ஆஸ்பத்திரிக்கும் விலையாகப் பையனைக் கொடுப்பதாக நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அவன் அந்த ஊரில் வளர்ந்து, அந்த ஊருக்காக நிற்க வேண்டியவன் என்று மூவரும் ஒப்பினால் போடுங்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கும் சொன்னால் புரியும். இந்த வாரக் கடைசியில் கணவர் பாலம் தாண்டி வீட்டுக்கு வரும்போது, அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். கையெழுத்து அதற்கு அப்புறம் இருக்கட்டும்.