குறிப்புக் கொப்பிக்குப் புள்ளி போடுவோம்



தெரணியகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தத் தவணை ஓர் ஒப்படை கொடுத்தோம்: ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தமும் எங்கள் குடும்பமும்.

முதல் நாளே வகுப்பில் வாக்குவாதம். இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை என்றது ஒரு பிள்ளை. இல்லை, 6 இலட்சம் என்றது மற்றப் பிள்ளை. எங்கே எடுத்தீர்கள், எந்த வருடக் கணக்கு என்று கேட்டோம். இருவர் கொப்பியிலும் அது இல்லை.

உண்மையில் இரண்டுமே சரிதான். 1964 ஒக்டோபர் 30 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். 1974 இல் ஸ்ரீமாவோவும் இந்திரா காந்தியும் அவர்களைப் பாதிக்குப் பாதி, 75 ஆயிரமாகப் பங்கிட்டார்கள். அதோடுதான் இந்தியாவின் கணக்கு 6 இலட்சமானது. குறிப்பில் வருடத்தை எழுதியிருந்தால் சண்டையே வந்திருக்காது.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. மினுங்கும் அட்டைக்கும் கலர் பிரின்டுக்கும் இத்தனை காலம் புள்ளி போட்டவர்கள் நாங்கள்தானே!

ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால் அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பள்ளிக்கூடக் குறிப்புக்கும் அதுவே அளவுகோல். ஆகவே சொன்னோம்: முதல் வரியில் யார் சொன்னது அல்லது எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம், எந்தத் திகதி என்று எழுதுங்கள். அவர்கள் சொன்னதை ஒரு பக்கத்திலும் நீங்கள் நினைப்பதை மறுபக்கத்திலும் எழுதுங்கள்.

ஒரு பிள்ளை "பாட்டியின் அக்கா இந்தியா போனார், பாட்டி அழுதார்" என்று மட்டும் எழுதி வந்தது. திருப்பி அனுப்பினோம். இரண்டாம் முறை பாட்டியின் வயது, லயம், கேட்ட திகதி எல்லாம் இருந்தது. "பஞ்சத்துக்கு முந்தின வருஷம் அக்கா தலைமன்னாருக்கு ரயில் ஏறிச்சு" என்று பாட்டியின் வாய்மொழி அப்படியே இருந்தது. தோட்டப் பஞ்சம் 1973, 74 இல் என்று தேடிப் பார்த்து, ஓரத்தில் "1972?" என்று பிள்ளை எழுதியிருந்தது. அந்தக் கேள்விக்குறிக்கே முழுப் புள்ளியும் கொடுக்கலாம். தெரிந்தது எது, ஊகம் எது என்று அந்தப் பிள்ளைக்குப் பிரிக்கத் தெரிந்துவிட்டது.

பெற்றோரே, ஒப்படையைக் கொமியூனிகேஷன் கடையில் செய்து வாங்காதீர்கள். ஆசிரிய நண்பர்களே, பாதிப் புள்ளியையாவது குறிப்புக் கொப்பிக்கு ஒதுக்குங்கள். அந்த ரயிலை வழியனுப்பியவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஒப்பந்தத்தின் கணக்கை எந்த நூலகத்திலும் எடுக்கலாம். பாட்டி சொல்வதை இன்று எழுதாவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?